சிப்பிப்பாறைக் குட்டியை இழுக்காமல் நடக்கப் பழக்குவது எப்படி?

ஒரு நாய்க்குட்டி கயிற்றை இழுக்கிறது என்றால், இழுத்தால் போக முடியும் என்று அதற்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வேலியோரம் ஏதோ வாசம் வருகிறது. குட்டி அந்தப் பக்கம் சாய்கிறது. நாமும் "சரி, வா" என்று இரண்டு எட்டு கூடவே போகிறோம். கழுத்து இறுகியது, வாசம் கிடைத்தது. இந்தக் கணக்கு சில நாள் தொடர்ந்து சரியாக வந்துவிட்டால் போதும், பெரிதான பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, நாயின் இயல்பான நடை நம்முடையதைவிட வேகமானது. நம்மோடு மெல்ல நடப்பது அதற்குத் தானாக வராது, சொல்லித்தர வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற நம் ஊர் நாய்களை முதல்முறையாக நகரத் தெருவில் வளர்ப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். லாப்ரடாருக்கும், தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டுக்குட்டிக்கும் முறை இதுதான். ஆனால் வேட்டை நாய்களுக்கென்று சில குணங்கள் உண்டு. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டவை. அசைவது எதுவும் அவற்றின் கண்ணுக்குத் தப்பாது. கழுத்து நீளம், தோல் மெல்லிசு, மனசும் அப்படித்தான். அதட்டியும் சுண்டி இழுத்தும் பழக்கினால் அது இழுப்பதை விடாது, உங்கள் பக்கத்தில் வருவதைத்தான் விடும்.

பயிற்சி முழுவதும் ஒரே விதியில் அடங்கும். கயிறு தளர்ந்திருந்தால் நடை தொடரும், விறைத்தால் நடை நிற்கும். இதை வீட்டில் உள்ள எல்லோரும் எல்லா நாளும் கடைப்பிடிக்க வேண்டும்.

எப்போது தொடங்கலாம்?

குட்டி வீட்டுக்கு வந்த வாரமே தொடங்கலாம், ஆனால் வீட்டுக்குள். நம் ஊரில் பெரும்பாலும் 45 நாளிலேயே குட்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வயதில் தெருவில் இறக்குவது ஆபத்து. குட்டிகளின் உயிரையே பறிக்கும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், நோயுற்ற நாய் கண்ணில் படவே வேண்டியதில்லை. 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று சுமார் 16 வாரம் வரை ஊசி வரிசை போகும். வெறிநோய் ஊசி மூன்று மாதம் ஒட்டி. கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரம் கழிந்து, மருத்துவர் சரி என்ற பிறகே தெருவில் காலை வைக்கவிடுங்கள்.

அதற்காக அதுவரை வீட்டிலேயே பூட்டி வைத்துவிடாதீர்கள். ஏறத்தாழ மூன்று மாத வயதுக்குள் பார்த்துப் பழகாத எதையும் நாய் பிறகு சந்தேகத்தோடுதான் பார்க்கும். தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போங்கள். ஆட்டோ, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், குக்கர் விசில், கோயில் மணி, குப்பை வண்டி எல்லாவற்றையும் உங்கள் தோளில் இருந்தபடியே அது பார்க்கட்டும், கேட்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணுக்குத் தீனி கொடுங்கள். வேட்டை நாய்க் குட்டிகள் சத்தத்துக்குச் சட்டென்று மிரளும் என்பதால் இந்த வாரங்களை வீணாக்கவே கூடாது.

சங்கிலியை எடுத்து வையுங்கள்

நம் வீடுகளில் நாய் என்றதும் இரும்புச் சங்கிலிதான் ஞாபகம் வருகிறது. நடை பழக்க அது உதவவே உதவாது. சங்கிலியின் எடையே குட்டியின் கழுத்தை எப்போதும் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். கயிறு தளர்ந்திருக்கிறதா, விறைத்திருக்கிறதா என்ற வித்தியாசத்தைக் குட்டியால் உணரவே முடியாது. அந்த வித்தியாசம்தான் நாம் கற்றுத்தரும் பாடமே.

ஐந்து அல்லது ஆறு அடி நீளமுள்ள நைலான் அல்லது பருத்திக் கயிறு வாங்குங்கள், கைக்கு மெத்தென்று இருக்க வேண்டும். பட்டனை அழுத்தினால் நீண்டு சுருங்கும் கயிறு வேண்டாம். இழுத்தால் இன்னும் நீளம் கிடைக்கும் என்பதைத்தான் அது சொல்லிக்கொடுக்கும். கழுத்தை நெரிக்கும் செயினும், உள்பக்கம் முள் வைத்த பட்டையும் எந்த நாய்க்கும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சிப்பிப்பாறையின் மெல்லிய கழுத்துக்கு அறவே கூடாது.

கழுத்துப் பெல்ட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. இந்த நாய்களுக்குத் தலை குறுகல், கழுத்தும் தலையும் கிட்டத்தட்ட ஒரே சுற்றளவு. சாதாரண பெல்ட் போட்டால், மிரண்டு பின்னால் நகரும் நொடியில் தலை வழியாகக் கழன்றுவிடும். நடுத்தெருவில் வெறும் பெல்ட்டும் கயிறும் கையில் நிற்க, நாய் பறந்திருக்கும். இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகி நிற்கும் 'மார்ட்டிங்கேல்' வகைப் பட்டையோ, உடம்பில் மாட்டும் ஹார்னஸோ இவற்றுக்கு ஏற்றது. ஹார்னஸ் என்றால் முன்னால் இருந்து பார்க்கும்போது நெஞ்சில் ஆங்கில 'ஒய்' எழுத்து வடிவில் இருக்க வேண்டும். தோளுக்குக் குறுக்கே பட்டை போவது கால் வீச்சைத் தடுக்கும். நெஞ்சிலும் முதுகிலும் ஒவ்வொரு வளையம் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அளவு சரி. குட்டி வளர்ந்துகொண்டே இருப்பதால் வாரம் ஒருமுறை இந்த அளவைப் பாருங்கள். உங்கள் கைபேசி எண் பொறித்த தகடு ஒன்றும் கட்டாயம் தொங்க வேண்டும்.

தீனியாக, தோலும் எலும்பும் நீக்கி உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியைப் பொட்டுக்கடலை அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவித்த முட்டை, ஈரல், பனீர் என்று மாற்றிக் கொடுக்கலாம். சர்க்கரை பிஸ்கட்டைத் தவிருங்கள். சாக்லேட்டும் திராட்சையும் உலர்திராட்சையும் வெங்காயமும் நாய்க்கு நஞ்சு. பயிற்சித் தீனி அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, அந்த அளவுக்குத் தட்டில் குறையுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் பழக்கினால் ஆர்வம் தானாக வரும்.

வீட்டுக்குள் முதல் பாடங்கள்

முதல் இரண்டு மூன்று நாள் பெல்ட்டையோ ஹார்னஸையோ சாப்பிடும்போதும் விளையாடும்போதும் மட்டும் மாட்டிக் கழற்றுங்கள். சொறிந்துகொள்ளும், உருளும், கண்டுகொள்ள வேண்டாம். பிறகு எடையில்லாத மெல்லிய கயிறு ஒன்றைக் கோத்து, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும், வீட்டுக்குள் இழுத்தபடி திரிய விடுங்கள். கடித்தால் பிடுங்காமல் வேறு பொம்மையைக் காட்டுங்கள்.

அடுத்து ஒரு குறிச்சொல். "குட்" என்று வைத்துக்கொள்ளுங்கள், "சரி" என்றும் வைக்கலாம். சொன்ன மறுநொடி ஒரு துணுக்குத் தீனி. அந்தச் சொல் கேட்டதும் குட்டி உங்கள் முகத்தைப் பார்க்கும்வரை இதைச் செய்யுங்கள். தாத்தா ஒரு சொல், பிள்ளைகள் ஒரு சொல் என்று ஆகிவிடக் கூடாது. உங்களிடம் இருப்பது வெள்ளை ராஜபாளையம் என்றால் இந்த இடத்தில் கொஞ்சம் கவனியுங்கள். அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. குட்டி உங்களைப் பார்க்காத நேரத்தில் அதன் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் அசைவே இல்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேளாத குட்டிக்கும் இதே பாடம்தான், குறிச்சொல்லுக்குப் பதில் கட்டைவிரலை உயர்த்திக் காட்ட வேண்டும்.

அதன்பின் வருவதுதான் பலர் தாண்டிப் போய்விடும் பாடம். உடம்பில் அழுத்தம் பட்டால் எதிர்ப்பக்கம் தள்ளுவது நாயின் இயல்பு. நீங்கள் பின்னால் இழுத்தால் அது முன்னால் சாயும். இந்த இயல்பைத் தெருவுக்குப் போகும் முன்பே மாற்ற வேண்டும். கூடத்தில் நின்றுகொண்டு கயிற்றை ஒரு விரலால் லேசாக, மிக லேசாக, உங்கள் பக்கம் இறுக்கிப் பிடியுங்கள். இழுக்கக் கூடாது, அப்படியே வைத்திருங்கள். குட்டி குழம்பும், எதிர்ப்பக்கம் சாயும், பிறகு எப்போதாவது ஒரு கால் உங்கள் பக்கம் எடுத்து வைக்கும். அந்தக் கணமே கயிறு தளரும். "குட்", தீனி. இதையே இடம் வலம் பின்புறம் என்று எல்லாத் திசையிலும் செய்யுங்கள். ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. அதற்கு மேல் நீட்டினால் சலித்துப்போகும். கயிறு இறுகினால் உங்களை நோக்கித் திரும்ப வேண்டும் என்பது பதிந்துவிட்டால் தெருவில் பாதி வேலை மிச்சம்.

இனி நடக்கலாம். குட்டியை இடப்பக்கம் வைப்பதென்றால் தீனியும் இடக்கையில். கால்சட்டையின் வெளித்தையல் இருக்கும் இடத்துக்கு நேராக, உங்கள் காலை ஒட்டிக் கையைத் தாழ்த்திக் கொடுங்கள். நெஞ்சுக்கு முன்னால் நீட்டிக் கொடுத்தால் குட்டி குறுக்கே வந்து காலில் சிக்கும். தீனி எந்த இடத்தில் கிடைக்கிறதோ அந்த இடத்தில்தான் அது நடக்கும். கூடத்தில் நாலு எட்டு, "குட்", தீனி. திரும்பி நாலு எட்டு. பிறகு ஆறு, பத்து. இடுப்பில் கட்டும் சிறு பை ஒன்று இருந்தால் வேட்டியோ புடவையோ எது கட்டியிருந்தாலும் கை எளிதாகப் போகும். மொட்டைமாடி நல்ல இடம், ஆனால் கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்தால் மட்டும். பூனையைக் கண்டால் சிப்பிப்பாறைக் குட்டி இடுப்பளவுச் சுவரை யோசிக்காமல் தாண்டும்.

வாசற்கதவு

கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் துள்ளிக் குதித்து வெளியே பாயும் குட்டி, தெருமுனை வரை அந்தப் படபடப்பில்தான் போகும். எனவே நடை கேட்டிலேயே தொடங்குகிறது. தாழ்ப்பாளில் கை வையுங்கள். குட்டி பாய்ந்தால் கையை எடுத்துவிட்டு நில்லுங்கள். நாலு காலும் தரையில் இருந்தால் கொஞ்சம் திறங்கள். முண்டினால் மூடுங்கள், மூக்கு நசுங்காமல். ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். நின்றால் கதவு திறக்கும், முண்டினால் மூடும் என்பதைக் கதவே சொல்லிக்கொடுக்கும்.

தெருவில்

கயிற்றின் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி உள்ளங்கையில் மூடிப் பிடியுங்கள். மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள வேண்டாம். நாய் திடீரென்று பாய்ந்தால் மணிக்கட்டு போய்விடும், நீங்களும் விழுவீர்கள். சிறுபிள்ளைகள் கையில் தனியாகக் கொடுக்கவே கூடாது. இன்னொரு கை கயிற்றின் நடுவில் தொட்டுக்கொண்டு இருக்கட்டும். நாய்க்கும் உங்களுக்கும் நடுவே கயிறு, துணி காயப்போட்ட கொடிக்கயிறு போலத் தொய்ந்திருக்க வேண்டும்.

கயிறு விறைத்ததா? நின்றுவிடுங்கள். பின்னால் இழுக்காதீர்கள், "ஏய்" என்று அதட்டாதீர்கள், கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு சும்மா நில்லுங்கள். குட்டி இழுத்துப் பார்க்கும், பிறகு ஏன் நின்றோம் என்று திரும்பிப் பார்க்கும், அல்லது ஒரு காலைப் பின்னால் எடுக்கும். கயிறு தளர்ந்த அந்த நொடியில் "குட்". உங்கள் காலருகே வந்து, கூட இரண்டு எட்டு நடந்ததும் தீனி வாங்கிக்கொள்ளட்டும். தீனியைக் கயிறு தளர்ந்ததும் நின்ற இடத்திலேயே வாயில் திணித்துவிட்டு உடனே நடக்காதீர்கள். இழு, திரும்பு, தின்னு, மறுபடி இழு என்று குட்டி ஒரு தொடராகவே கற்றுக்கொள்ளும். காலருகே வந்து, கூட இரண்டு எட்டு நடந்தபின் கொடுத்தால் அந்தத் தொடர் உருவாகாது.

சில குட்டிகள் நின்றால் கண்டுகொள்ளாது, அப்படியே சாய்ந்து நிற்கும். அவற்றுக்குத் திசை மாற்றுவது நல்ல வழி. கயிறு முழுக்க விறைக்கும் முன்பே, அது உங்களைத் தாண்டிப் போகும்போதே, "வா" என்று இனிமையாகச் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பி நடங்கள். சுண்டக் கூடாது. ஓடி வந்து பக்கத்தில் சேர்ந்ததும் தீனி. அடிக்கடி திரும்புபவரை அது அடிக்கடி கவனிக்கும்.

முதல் வாரங்களில் நாலு வீடு தாண்டவே கால்மணி நேரம் ஆகும். அடுத்த வீட்டுக்காரர் வேடிக்கை பார்ப்பார். ஆகட்டும். தூரம் இப்போது முக்கியமே இல்லை. ஓட்டத்துக்கு ஏங்கும் குட்டியாக இருந்தால், கிளம்புமுன் வீட்டிலேயே பத்து நிமிடம் பந்து விளையாடிக் களைக்க விடுங்கள்.

இனி ஹார்னஸின் இரண்டு வளையம் பற்றி. அவசரமான நாட்கள் வரும். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது, குட்டி ஒன்றுக்குப் போக வேண்டும், நின்று நின்று நடக்கப் பொழுதில்லை. அன்றைக்கு மட்டும் இழுக்க விட்டால் என்ன என்று தோன்றும். எப்போதாவது பலிக்கும் இழுப்புதான் நாய்க்குள் ஆழமாக வேரூன்றும், தினமும் பலிப்பதைவிட. ஆகவே இரண்டையும் பிரித்து வையுங்கள். பயிற்சி நடைக்கு நெஞ்சு வளையம், அவசர நடைக்கு முதுகு வளையம். நெஞ்சு வளையத்தில் கயிறு இருந்தால் விதி உண்டு, முதுகு வளையத்தில் இல்லை என்று நாய் ஆச்சரியப்படும் அளவுக்குச் சீக்கிரம் பிரித்தறிந்துவிடும்.

மோந்து பார்ப்பதை எதிரியாக நினைக்காதீர்கள். நாய்க்கு நடை என்பதே பெரும்பாலும் மூக்கால்தான். கயிறு தளர்ந்தபடி பத்துப் பதினைந்து எட்டு வந்தால், மின்கம்பத்தருகே நின்று "போ" என்று கைகாட்டி அனுப்புங்கள், வேண்டுமளவு மோந்து பார்க்கட்டும். கோழிக்கறியைவிடப் பெரிய பரிசு அது. கழிவை அள்ள ஒரு பழைய செய்தித்தாளும் பையும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

அணிலும் பூனையும் கோழியும்

இங்கேதான் வேட்டை நாய் வேறுபடும். அணில் ஓடினால் காது நிமிரும், வாய் மூடும், உடம்பு கல்லாக இறுகும், கண் நகராது. அந்த நிலைக்குப் போன பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுவது வீண். அதற்கு முந்தின நொடியைப் பிடிக்க வேண்டும். பூனையைப் பார்த்த மாத்திரத்தில் "குட்" சொல்லித் தீனி கொடுங்கள். பார்த்ததற்கே பரிசு. கொஞ்ச நாளில் பூனையைப் பார்த்ததும் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கும்.

தூரம்தான் அளவுகோல். கோழிக்கறியை நீட்டியும் வாங்கவில்லை என்றால் அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். திட்டாமல் விலகிப் போங்கள், வாங்கித் தின்னும் தூரத்தில் நின்று பழக்குங்கள், வாரப்போக்கில் நெருங்குங்கள். பைக்குக்கும் சைக்கிளுக்கும் இதே முறைதான். முதலில் நிற்கும் வண்டி, பிறகு மெல்லப் போகும் வண்டி.

எவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்டாலும், திறந்த தெருவில் சிப்பிப்பாறையை அவிழ்த்து விடாதீர்கள். துரத்தத் தொடங்கினால் அதன் காதில் எதுவும் விழாது, லாரியும் கண்ணில் படாது. சுற்றுச்சுவர் உள்ள மைதானத்தில் நீளமான கயிறு கட்டி ஓட விடலாம், ஆனால் ஹார்னஸில் மட்டும். கழுத்துப் பட்டையில் நீளக்கயிறு கட்டி முழு வேகத்தில் ஓடினால், கயிறு தீரும் இடத்தில் கழுத்து முறியும் அளவுக்கு அதிர்ச்சி விழும்.

தெருநாய்கள்

புதிதாக வளர்ப்பவர்களை வீட்டுக்குள்ளேயே முடக்கிவிடுவது இந்தப் பயம்தான். முதலில் குட்டி இல்லாமல் நீங்கள் மட்டும் நடந்து, எந்த முக்கில் எத்தனை நாய், எது உறுமும், எது வாலாட்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இடது அல்லது வலது காதின் நுனி வெட்டப்பட்டிருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை செய்து வெறிநோய் ஊசியும் போட்டிருக்கிறார்கள் என்று பொருள், ஆனால் அந்த ஊசியை ஆண்டுதோறும் புதுப்பித்திருப்பார்கள் என்று நம்பிவிட முடியாது. போகிற வழியில் உள்ள நாய்களுக்கு அவ்வப்போது ஏதாவது போட்டுப் பழகி வைத்தால் உங்கள் வாசம் அவற்றுக்குத் தெரிந்ததாகிவிடும்.

எதிரே நாய் வந்தால் கை தானாகக் கயிற்றை இறுக்கும். அதைத்தான் செய்யக் கூடாது. இறுக்கினால் உங்கள் குட்டியின் நெஞ்சு நிமிர்ந்து தலை உயரும், எதிரே இருப்பது அதைச் சண்டைக்கு வருவதாகவே எடுத்துக்கொள்ளும். நேருக்கு நேர் போகாமல் வளைந்து விலகுங்கள், குட்டிக்கும் அந்த நாய்க்கும் நடுவே நீங்கள் வாருங்கள், கண்ணுக்குள் பார்க்காதீர்கள், ஓடவே ஓடாதீர்கள். கூட்டமாக வந்தால் கையில் உள்ள தீனியை ஒரு பிடி அவற்றின் பக்கம் வீசிவிட்டு மெல்ல நகருங்கள். கையில் ஒரு குடை இருப்பது நல்லது. அடிப்பதற்கல்ல, சட்டென்று விரித்துத் தடுப்பாகப் பிடிக்க. மனிதரையோ குட்டியையோ கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும். சிறு கீறல்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

வெயிலும் உண்ணியும்

கோடையில் காலை ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள், மாலையில் தரை ஆறிய பிறகு இறங்குங்கள். வெயில் பட்ட தார்ச்சாலை 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு நொடி தாங்க முடியவில்லை என்றால் குட்டியின் பாதமும் தாங்காது. மூச்சு இரைத்து, எச்சில் கெட்டியாக ஒழுகி, தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்திக் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வீடு வந்ததும் விரலிடுக்கு, காதின் உள்மடல், கக்கம் மூன்றையும் தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் நாய்களை அதிகம் வாட்டும் நோய்களில் ஒன்று. தீபாவளி ஒட்டிய நாட்களில் வெடிச் சத்தம் தொடங்கும் முன்பே நடையை முடித்துவிடுங்கள், பட்டை கழலாதா என்று இருமுறை பாருங்கள்.

ஆறாம் மாதத்துக்குப் பிறகு

நன்றாக வந்துகொண்டிருந்த குட்டி ஆறு முதல் பத்து மாதத்துக்குள் ஒருநாள் எல்லாம் மறந்ததுபோல் இழுக்கத் தொடங்கும். விடலைப் பருவம். பயிற்சி தோற்றுவிட்டது என்று எண்ணிச் சங்கிலிக்குத் திரும்பிவிடாதீர்கள். பழைய பாடத்தைக் கூடத்திலிருந்து மறுபடி தொடங்கினால், இம்முறை முன்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். தீனியை ஒரேயடியாக நிறுத்தாமல், சில வேளை ஐந்து எட்டுக்கு, சில வேளை ஐம்பது எட்டுக்கு என்று எதிர்பாராத இடைவெளியில் கொடுத்துக் குறைத்து வாருங்கள். நடுநடுவே "போ" என்று மோந்து பார்க்க விடுவதை மட்டும் என்றைக்கும் நிறுத்த வேண்டாம்.

ஒழுங்காக நடந்த நாய் திடீரென்று நடக்க மறுத்தாலோ, ஒரு காலைத் தூக்கி வைத்தாலோ, பட்டை பட்டதும் இருமினாலோ அதைப் பிடிவாதம் என்று நினைத்துப் பயிற்சியைத் தொடராதீர்கள். அன்று நடையை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.